ஊரில நிண்டு சமைச்சுச் சாப்பிடப் போறீங்களோ? அப்ப லிஸ்ட்டைப் பாதியா வெட்டுங்கோ

நாங்கள் 2024இல ஜூலைக் கடைசியா குடும்பமா யாழ்ப்பாணம் போனனாங்கள். நாலு பேர், நாலு கிழமை, அம்மாவின்ர பழைய வீடு பூட்டித்தானே கிடக்கு, அங்கயே நிண்டு சமைச்சுச் சாப்பிடுவம் எண்டு பிளான். நான் கனடாவில ஸ்கார்பரோவில இருந்தே எக்செல்ல 28 நாளைக்கும் காலமை மத்தியானம் இரவு எண்டு மெனு போட்டு, அதுக்குச் சாமான் லிஸ்ட்டும் எழுதி, போய் இறங்கின மற்ற நாளே வான் பிடிச்சு கார்கில்ஸ் பூட் சிட்டியில ரெண்டு ட்ரொலி நிறைய வாங்கினன். கடைசியில எண்ணிப் பாத்தா வீட்டில ஒழுங்கா உலை வைச்சது பன்னிரண்டு நாள்தான். அரிசியில பாதிக்கு மேல பக்கத்து வீட்டு அக்காவிட்டப் போனது, பிறிட்ஜில கிடந்த மரக்கறி கோழிக்குப் போனது.

ஏனெண்டா உங்களைச் சமைக்க விட மாட்டினம். மாமி வீடு, சித்தப்பா வீடு, அப்பாவோட படிச்ச ஆக்கள் வீடு, எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவினம், மாட்டன் எண்டா கோவம் வரும், பத்து வருசத்துக்கும் அதையே சொல்லிக் காட்டுவினம். அதால மத்தியானத்தை பிளானில இருந்து எடுத்துவிடுங்கோ. காலமையும் இரவும் மட்டும் யோசிச்சாக் காணும். ஆனா ஒண்டு, நீங்கள் வந்தது தெரிஞ்சு உங்களைப் பாக்க வாற சனத்துக்குத் தேத்தண்ணி குடுக்கோணும், அதுதான் உண்மையான செலவு. அங்கர் பால்மா 400 கிராம் பக்கெட், சீனி, தேயிலை, பிஸ்கட், இது நாலும் நீங்கள் நினைக்கிறதை விட டபிளா வாங்குங்கோ. சீனியை மூடி இறுக்கமான போத்திலில போடுங்கோ, இல்லாட்டி விடிய எறும்புக்குத்தான்.

இனி மச்சம் (மீன், இறைச்சி), மரக்கறி கணக்கு. இது தெரியாம மெனு போட்டா வீட்டில சண்டைதான் வரும். வெள்ளிக்கிழமை கன வீடுகளில மச்சம் இல்லை. நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாக் கொடி ஏறினா 25 நாள், சிலர் முழுக்க விரதம், சிலர் வெள்ளியும் தேர் தீர்த்தமும் மட்டும் பிடிப்பினம், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி. கொடியேற்றம் ஆடி அமாவாசை கழிஞ்சு ஆறாம் நாள், அதால ஒவ்வொரு வருசமும் திகதி மாறும். 2024இல ஆகஸ்ட் 9, 2025இல ஜூலை 29. டிக்கெட் போட முதல் கலண்டரைப் பாருங்கோ. முட்டையும் மச்சம்தான், பிள்ளையளுக்கு வாங்கின கேக்கும் மச்சம்தான். நான் கொடியேற்றத்தண்டு பிறிட்ஜில சொசேஜ் பக்கெட்டோட மாட்டுப்பட்டன், அப்பம்மா ஒண்டும் சொல்லேல்ல, பிறிட்ஜை மட்டும் ரெண்டு தரம் கழுவிச்சினம். மச்சச் சட்டி எது மரக்கறிச் சட்டி எது எண்டு முதலே கேட்டு வையுங்கோ. அதோட கொடி ஏற மரக்கறி விலையும் ஏறும், மீன் இறங்கும். போயா (பௌர்ணமி) நாளில இறைச்சிக்கடை பூட்டு.

போக முதல் வீட்டைப் பாக்கிற ஆளுக்கு கோல் எடுத்து மூண்டு விஷயம் கேளுங்கோ. காஸ் இருக்கோ, பிறிட்ஜ் வேலை செய்யுதோ, கிணத்து மோட்டர் இழுக்குதோ. சிலிண்டர் 12.5 கிலோ, 5 கிலோ, 2.3 கிலோ எண்டு வருது, ஒரு மாசத்துக்குப் பெரிசு எடுத்தா யோசிக்கத் தேவையில்லை, ஆனா லிட்ரோ கொம்பனியோ லாப்ஸ் கொம்பனியோ எண்டு பாத்து உங்கட ரெகுலேட்டருக்குச் சரியானதை வாங்கோணும். கனடாவில இருந்து மிக்ஸி கொண்டுபோகாதேங்கோ, அங்க 230 வோல்ட், எங்கட 120, போட்ட உடன புகைதான். குடிக்கிறதுக்கு கொதிச்சாறின தண்ணி இல்லாட்டி போத்தில் தண்ணி, யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் மண், தண்ணி பாக்க வடிவா இருந்தாலும் வெளியில வளர்ந்த பிள்ளையளின்ர வயிறு உடன பழகாது.

ஒரே தரமா வாங்கிறது உலர் சாமான் மட்டும். நாலு பேருக்கு அரிசி அஞ்சு கிலோ (குத்தரிசி எண்டா பிள்ளையள் சாப்பிடுவினமோ எண்டு முதல் ஒரு கிலோ வாங்கிப் பாருங்கோ), பருப்பு ஒரு கிலோ, வறுத்த அரிசிமா, அவிச்ச கோதுமை மா, பழப்புளி, உப்பு, நல்லெண்ணெய். கறித்தூளைப் பக்கத்து வீட்டில கேட்டு வாங்குங்கோ, கனடாவில இருந்து கறித்தூள் காவிக்கொண்டு யாழ்ப்பாணம் போன ஆக்களையும் எனக்குத் தெரியும், என்னத்தைச் சொல்ல.

மற்றதெல்லாம் அண்டண்டைக்கு. எங்கட கிழமைக்கொருக்கா வாங்கிற பழக்கத்தை அங்க மறந்துவிடுங்கோ. விடிய வெயில் ஏற முதல் திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம், எது கிட்டவோ அந்தச் சந்தைக்குப் போங்கோ. கத்தரிக்காய், முருங்கைக்காய், கீரை, ரெண்டு நாளைக்கு மேல வாங்காதேங்கோ. வெங்காயம் எண்டு கேட்டா சின்ன வெங்காயம்தான் தருவினம், பெரிசு வேணுமெண்டா பம்பாய் வெங்காயம் எண்டு கேளுங்கோ. தேங்காய் நாளுக்கு ஒண்டு கணக்கு, சம்பலும் சொதியும் வைச்சா ஒண்டரை. பையும் சில்லறைக் காசும் கையோட இருக்கட்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்கு முதல் போன விலையை மனசில வைச்சுக்கொண்டு சந்தையில நிண்டு சண்டை பிடிக்காதேங்கோ, எல்லாமே மாறிட்டுது.

மீனுக்கு பாசையூர், குருநகர், காக்கைதீவுப் பக்கம் போகலாம். தெரிஞ்ச ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, ஏலம் கூறுற வேகத்தில எங்களுக்குத் தலை சுத்தும். செவுளைத் தூக்கிப் பாருங்கோ, சிவப்பா இருந்தா நல்லம். விளைமீன் குழம்புக்கு, சுறா வறைக்கு, சூடை பொரிக்க. அங்கயே வெட்டுவிச்சுக்கொண்டு வந்தா குசினியில பாதி வேலை மிச்சம். டிசம்பர் லீவுக்குப் போறவை கவனியுங்கோ, அது மாரி காலம், கடல் குழம்பிக் கிடந்தா மீன் குறைவு, மரக்கறியும் விலை, அந்த நேரத்துக்குக் கருவாடும் பருப்பும் கைவசம் இருக்கோணும்.

நான் பிந்திக் கண்டுபிடிச்ச விஷயம், இடியப்பம், புட்டு அவிச்சுக் குடுக்கிற வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கு. முதல் நாள் இரவே இத்தினை இடியப்பம் எண்டு சொல்லிவிட்டா விடிய சுடச்சுட வாங்கலாம், நீங்கள் சொதியும் சம்பலும் வைச்சா முடிஞ்சுது. அந்தக் காசு ஒரு குடும்பத்துக்கும் போகுது, என்ர மனுசிக்கும் லீவு.

கடைசிக் கிழமைக்கு மெனுவே போடாதேங்கோ, இருக்கிறதை முடியுங்கோ. அந்தக் கிழமை வேலை தூள் இடிக்கிறதுதான். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் வறுத்து மில்லில குடுத்தா அரைச்சுத் தருவினம். ஆனா பிளைட்டுக்கு முதல் நாள் போய் நிக்காதேங்கோ, கரண்ட் இல்லை எண்டா போச்சு, நாலு நாளுக்கு முதலே போங்கோ. மில்லால வாற தூள் கொதிக்கும், உடன கட்டினா வேர்த்துக் கட்டி பட்டுப்போகும். பேப்பரில பரப்பி நல்லா ஆறவிட்டு, ரெண்டு பையா சுத்தி உடுப்புக்கு நடுவில வையுங்கோ. உடுப்பு ஒரு மாசத்துக்கு மணக்கும்தான், பிள்ளையள் புறுபுறுப்பினம், புறுபுறுக்கட்டும்.