ஷவர் வால்வு வாங்கும் முன் ஒரு வாளியை எடுங்கள்

குளியலறையைப் புதுப்பித்தபோது நான் முதலில் வாங்கியது வால்வு. கடைசியில் யோசித்தது தண்ணீரின் அழுத்தம். முகப்பின் பளபளப்பில் மயங்கி வாங்கிய மிக்சரை (வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கலந்து தரும் வால்வை) சுவருக்குள் பதித்துவிட்டு, நூல்போல் ஒழுகிய தண்ணீரில் மூன்று வாரம் குளித்தேன். ‘குறைந்தபட்ச அழுத்தம் 1 பார்’ என்று பெட்டியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். பார் என்பது அழுத்தத்தின் அலகு. தொட்டியின் நீர்மட்டம் ஷவரைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் கிடைக்கும். எங்கள் வீட்டில் இருந்ததோ 3 மீட்டர்.

ஆகவே கடைக்குப் போகும் முன் 10 லிட்டர் வாளி ஒன்றைக் குழாயடியில் வைத்து, நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் ஓட்டம் போதும், பெட்டியில் எழுதிய அழுத்தத்தை மட்டும் பாருங்கள். இரண்டு நிமிடம் பிடித்தால் குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த வால்வைத் தேடுங்கள். அகன்ற மழை ஷவர் ஆசையையும் விட்டுவிடுங்கள். வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் தனித்தனியாக அளப்பது அவசியம். ஒன்று வேகமாகவும் மற்றது மெல்லவும் வந்தால், சாதாரண மிக்சரில் வலுத்தது இளைத்ததைத் தள்ளிவிடும்.

இரண்டு திருகு கொண்ட பழைய வகையை ஏளனமாகப் பார்க்காதீர்கள். குறைந்த அழுத்தத்திலும் அது வேலை செய்யும். ரப்பர் வாஷர் வைத்ததாக இருந்தால் வாஷரை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒற்றைக் கைப்பிடி மிக்சர் வசதியானது. ஆனால் அதனுள்ளே உரசும் பீங்கான் தட்டுகளுக்கு மணல் ஜென்மப் பகை. அந்தத் தட்டுகள் அடங்கிய, கழற்றி மாற்றக்கூடிய உள்பாகமான கார்ட்ரிட்ஜைப் போடும் முன் குழாய்களைத் திறந்துவிட்டு, கலங்கல் போகும்வரை ஓடவிடுங்கள்.

வீட்டில் குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால் என் பேச்சு மாறும். 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். நீங்கள் குளிக்கும்போது யாராவது வேறொரு குழாயைத் திறந்தால் குளிர்ந்த நீர் குறைந்து, வெந்நீர் சட்டென்று மிகும். அழுத்தச் சமன் வால்வு இந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்யும். ஆனால் கீசரிலிருந்து வரும் வெந்நீரே சூடேறினால் அதற்குத் தெரியாது. தெர்மோஸ்டாட்டிக் வால்வு வெப்பத்தையே கவனிக்கிறது. உள்ளிருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து வெந்நீரின் வழியைக் குறுக்கும். பெரும்பாலான வால்வுகளில் 38 டிகிரிக்கு மேல் திருப்ப ஒரு பொத்தானை அழுத்தியாக வேண்டும். உடனடிச் சூடேற்றி வைத்திருப்பவர்கள் மட்டும் இரண்டு கருவிகளின் கையேடுகளையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். வால்வு வெந்நீரைக் குறைக்கும்போது, ஓட்டம் போதாமல் சூடேற்றி அணைந்துவிடக்கூடும்.

கைஷவர் நுனியில் அடைப்பான் இருந்தால், வால்வுக்குள் வரும் இரு வழிகளிலும் பின்னோட்டத் தடுப்பு வேண்டும். இல்லையென்றால் நுனியை மட்டும் மூடும்போது குளிர்ந்த நீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும்.

சுவருக்குள் பதிப்பதென்றால், கார்ட்ரிட்ஜை முன்பக்கமாகவே கழற்ற முடியுமா என்று கேட்டு, உபரியாக ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். வால்வு உடலில் ஆழத்துக்கான இரண்டு கோடுகள் இருக்கும். டைல்ஸ் ஒட்டி முடித்த பரப்பு அவற்றுக்கு இடையில் வர வேண்டும். சுவரை மூடும் முன் அளவுநாடாவை அருகில் பிடித்துக் குழாய்களைப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை, வால்வை மாற்ற வந்தவர் நல்ல டைல்ஸ் நான்கையும் சேர்த்து உடைத்தார்.