ஐந்தாம் வேளையிலேயே தீர்ந்த மருந்து

11 கிலோ எடையுள்ள என் இரண்டு வயது மகளுக்குக் காதில் சீழ் பிடித்தபோது, மருத்துவர் அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் கலந்த ஆன்டிபயாடிக் டிரை சிரப்பை (தூளாக வரும், தண்ணீர் கலந்து கொடுக்க வேண்டிய மருந்து) வேளைக்கு 5 மி.லி. வீதம் தினம் இருவேளை, 7 நாட்களுக்கு எழுதித் தந்தார். ஆறு வேளைக்கு வர வேண்டிய 30 மி.லி. குப்பி, ஐந்தாம் வேளைக்குப் பாதி அளவே தந்து தீர்ந்துவிட்டது.

தவறு இரண்டு இடங்களில் இருந்தது. தூளில் ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கியதில் எழுந்த நுரை குப்பியில் போட்டிருக்கும் கோட்டைத் தொட்டதும், மருந்தே அந்த அளவுக்கு வந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். நுரை அடங்கியதும் மருந்து கோட்டுக்குக் கீழே இறங்கியதால், அது வேண்டியதைவிடச் செறிவாகிவிட்டது. போதாததற்கு, நான் பயன்படுத்திய சமையலறைக் கரண்டி 6 மி.லி. பிடித்தது.

உடனே மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். தடிப்போ கடும் வயிற்றுப்போக்கோ உண்டா என்று விசாரித்துவிட்டு, சரியான அளவில் தொடரச் சொன்னார்.

அடுத்த குப்பியைத் தட்டித் தூளை உதிர்த்து, கொதித்து ஆறிய நீரில் பாதியை ஊற்றிக் குலுக்கி, நுரை முழுவதும் அடங்கிய பிறகே கோடுவரை நிரப்பி மறுபடியும் குலுக்கினேன். அளக்க ஊசியில்லாத சிரிஞ்சைப் பயன்படுத்தினேன் (மருந்துக்கடையில் கேட்டாலே தருகிறார்கள்!). கலந்த தேதியைக் குப்பியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன், ஏனெனில் கலந்த மருந்து 7 நாட்களுக்குமேல் ஆகாது. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டும், ஏழு நாட்களும் கொடுத்தோம். மிச்சத்தை அடுத்த முறைக்கென்று எடுத்து வைக்கவில்லை.