ஆடிக் காற்றில் ஃபுட்பால்: டாஸ் போடும் முன்பே தொடங்கும் வேலை

ஆனி பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து இறங்கும் மேல்காற்று, பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து மைதானங்களைச் சுலபத்தில் விடாது. காற்றாலைகள் சுற்றுகிற ஊரில், டிவியில் பார்த்த ஆட்டத்தை அப்படியே ஆடினால் பந்து நம்மிடம் நிற்காது. நம் பையன்கள் காற்றோடு ஆடும்போதும் தூக்கி அடிக்கிறார்கள், காற்றை எதிர்த்து ஆடும்போதும் தூக்கி அடிக்கிறார்கள். பாதித் தோல்விகள் இதனால்தான். தரையோரம் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப் போகக் கூடும். முழங்காலுக்குக் கீழே உருளும் பந்து நம் சொல்படி போகும். பனை உயரத்துக்குப் போனால் அது காற்றின் பந்து.

வார்ம்-அப் நேரத்திலேயே இரண்டு கோல் முனையிலும் நடுவட்டத்திலும் ஒரு பிடி மண்ணைத் தோள் உயரத்திலிருந்து உதிர்த்துப் பாருங்கள். மைதானத்தின் ஒரு பக்கம் பள்ளிக்கூடச் சுவரோ மர வரிசையோ இருந்தால், அங்கே மட்டும் மண் நேராக விழும், அல்லது சுழன்று திரும்பும். காற்றை எதிர்த்து ஆடும் பாதியில் பந்தை முன்னே கொண்டுபோக அந்த ஓரம்தான் வழி.

2019 விதிமாற்றத்துக்குப் பிறகு டாஸ் ஜெயித்தவர் கிக்-ஆஃபையும் கேட்கலாம், பக்கத்தையும் கேட்கலாம். பக்கத்தையே கேளுங்கள். கிழக்கு மேற்காக நீளும் மைதானம், மாலை 4 மணி ஆட்டம் என்றால், முதல் பாதியில் மேற்கே பார்த்து, காற்றை எதிர்த்து ஆடுவதே நல்லது. கால் ஓயாத நேரத்தில் கஷ்டத்தை முடித்துவிடலாம். 5 மணிக்குமேல் தாழும் வெயிலும் புழுதியும் எதிரணி கீப்பரின் கண்ணுக்குப் போகும். களக்காடு மாதிரி மலையடி ஊர்களில் மலை வெயிலைச் சீக்கிரமே மறைத்துவிடும் என்பதால், அங்கே காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும்.

பந்தின் காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை இருக்கலாம் என்பது விதி. இறுகிய செம்மண் தரைக்கு 9 போதும். கல்லாக அடைத்த பந்து ஒவ்வொரு குத்துக்கும் தலைக்குமேல் எழும்பிக் காற்றுக்குப் போகும்.

காற்றை எதிர்க்கும் பாதிக்கு 4-1-4-1: பின்னால் நாலு பேர், அவர்களுக்கு முன்னால் ஒருவர், நடுவில் நாலு பேர், முன்னால் ஒரு ஃபார்வர்டு. பின்னால் நிற்கும் நாலு பேரில் நடுவில் இருக்கும் இருவர் ஸ்டாப்பர்கள், ஓரத்து இருவர் சைடு பேக்குகள். கடைசி ஸ்டாப்பருக்கும் ஃபார்வர்டுக்கும் இடையே 30 மீட்டருக்குமேல் விடக் கூடாது. விட்டால், தரைப் பாஸுக்கு ஆள் கிடைக்காமல் தூக்கி அடிக்க வேண்டிவரும். ஸ்டாப்பர்களுக்கு முன்னால் நிற்கும் அந்த ஒற்றை ஹாஃப், அதாவது நடுக்கள ஆட்டக்காரர்தான் இந்த அணியின் உயிர். ஊரில் அந்த இடத்தை மிச்சமிருக்கும் ஆளுக்குக் கொடுப்பது வழக்கம். இந்தக் காற்றில் அதைவிடப் பெரிய தப்பு இல்லை, உங்கள் சிறந்த ஆட்டக்காரரை அங்கே நிறுத்துங்கள். கோல் அடிக்க ஹாலண்ட் மாதிரி ஃபார்வர்டு ஒருவர் கிடைத்தாலும், பந்து அவரிடம் போய்ச் சேர, பார்சிலோனாவில் இந்த இடத்தில் ஆடிய புஸ்கெட்ஸ் மாதிரி ஒருவர் வேண்டும். பந்து வருமுன்பே புஸ்கெட்ஸ் இரண்டு தோளுக்குப் பின்னாலும் பார்த்துவிடுவார். நம்மூருக்கு இன்னும் பக்கத்து உதாரணம், 2017-18 சீசனில் சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல் கோப்பை வென்றபோது நடுக்களத்தில் ஆடிய தன்பால் கணேஷ்.

கோல் கிக்கை அடிக்கும் முறையும் இந்த ஹாஃபை நம்பித்தான். 2019 முதல் கோல் கிக் பெனால்டி ஏரியாவைத் தாண்ட வேண்டியதில்லை. இரண்டு ஸ்டாப்பர்களும் ஏரியாவுக்குள் ஆளுக்கொரு பக்கம், ஹாஃப் ஏரியா முனையில், சைடு பேக்குகள் கோட்டோரம் 25 மீட்டர் முன்னால். கீப்பர் ஸ்டாப்பருக்கு உருட்டுகிறார். எதிரி ஃபார்வர்டு அவர்மேல் பாய்ந்ததும் பந்து ஹாஃபுக்கு, அங்கிருந்து ஒரே தொடலில் எதிர்ப்பக்கச் சைடு பேக்குக்கு. இது கெடுவது ஒரே இடத்தில்: ஹாஃப் நம் கோலைப் பார்த்தபடி முழுசாகத் திரும்பி நிற்பது. பின்னால் வருபவன் தெரியாமல் பந்தைப் பறிகொடுத்தால் அது நேரே கோல். உடம்பைப் பக்கவாட்டில் திறந்து, பந்து வரும் பக்கத்துக்குத் தூரமான காலில் வாங்க வேண்டும். "ஏலே, திரும்பிப் பாரு!" என்று கீப்பர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருக்கட்டும்.

பயிற்சிக்கு 20க்கு 20 மீட்டர் கட்டம், ஐந்து பேருக்கு எதிராக இரண்டு பேர். முழங்காலுக்குமேல் எழும்பிய பந்து பறிபோன பந்தாகக் கணக்கு. வாரத்தில் மூன்று நாள், 15 நிமிஷம் போதும்.

காற்று நம் முதுகில் இருக்கும் பாதி சுலபம் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அந்தப் பாதியில்தான் வாய்ப்புகளை அதிகமாக வீணடிக்கிறோம். ஸ்டாப்பருக்குப் பின்னால் போடும் லாங் பால் எல்லாம் கீப்பரிடமோ கோட்டுக்கு வெளியிலோ போய்விடும். சுழற்றி அடித்து வளைத்து இறக்கும் ஷாட், பின்காற்றில் சரியாக இறங்காமல் பாருக்குமேல் போகும். தாழ்வாக அடியுங்கள். 2023 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில், 68வது நிமிஷத்தில், ஆட்கள் நெரிசலுக்கு நடுவே மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி பாதத்தின் உள்பக்கத்தால் அளந்து அடித்த கோலைத் திரும்பப் பாருங்கள். நம் மைதானத்துக்கும் அந்த அடிதான்.

எதிரணி தூக்கி அடித்து வெளியேற்றும் பந்து காற்றில் எழும்பி, அவர்கள் ஏரியாவிலிருந்து 15, 20 மீட்டருக்குள்ளேயே விழும். அங்கே இரண்டு ஹாஃப்களை முன்கூட்டியே நிறுத்தினால் தாக்குதல் அறுபடாது. கோல் கிக்கில் ஆஃப்சைடு கிடையாது என்பதால், நம் கோல் கிக்கின்போது நம் ஃபார்வர்டு எதிரி ஸ்டாப்பர்களைத் தாண்டியே நிற்கலாம். இந்த ஒரு விதியைப் பயன்படுத்தும் உள்ளூர் அணிகள் மிகக் குறைவு.

கீப்பர்களுக்கு ஒரு பாடம். 2013 நவம்பர் 2ஆம் தேதி, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனுக்கு எதிராக ஸ்டோக் அணியின் கீப்பர் பெகோவிச் தன் ஏரியாவிலிருந்து உதைத்த பந்து, 13வது விநாடியில் எதிரணிக் கோலுக்குள் போனது. காற்று கொண்டுபோன பந்து தரையில் குத்தி, முன்னேறி நின்ற கீப்பர் போருட்ஸின் தலையைத் தாண்டியது. ஆகவே காற்றோடு வரும் உயரப் பந்தைக் குத்த விடாதீர்கள். குத்தத்தான் போகிறது என்று தெரிந்தால், குத்தும் இடத்துக்கு ஓடாமல் நாலைந்து எட்டு பின்வாங்கி நில்லுங்கள்.

கார்னரில், காற்று கோலை நோக்கி அடித்தால் உள்பக்கம் வளையும் பந்து, முதல் போஸ்ட்டைக் குறிவைத்து. காற்று கோலிலிருந்து வெளியே தள்ளினால் பக்கத்து ஆளுக்குச் சின்னப் பாஸ்.

த்ரோவை எதிர்காற்றில் வானத்துக்கு எறியாமல், ஸ்டோக்கில் ரோரி டெலாப் எறிந்த மாதிரித் தட்டையாக விடுங்கள். வாங்குபவர் நின்ற இடத்திலேயே காத்திருக்காமல் பந்தை நோக்கி இரண்டு எட்டு வர வேண்டும். வராவிட்டால் அது அவருக்கு முன்னாலேயே விழும், எதிரி முந்திக்கொள்வான்.