விவசாயத் தொழிலாளர் உரிமைகளைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விவசாயத் தொழிலாளர்களின் நிலையை மக்களிடம் எடுத்துச் சொல்ல முற்படுகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, ‘விவசாயி’ என்ற ஒரே சொல்லுக்குள் நிலம் உடையவரையும் கூலிக்கு உழைப்பவரையும் சேர்த்துவிடுவதாகும். விளைபொருளுக்கு விலை, பயிர்க்கடன் தள்ளுபடி, பயிர்க் காப்பீடு ஆகியவை நிலத்தில் பயிரிடுபவரின் கோரிக்கைகள். நாற்று நடுகிறவருக்கும் களை எடுக்கிறவருக்கும் வேண்டியவை நியாயமான கூலி, வரையறுத்த வேலை நேரம், நிழல், குடிநீர், கழிப்பறை, அடிபட்டால் இழப்பீடு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை. விலை உயர்ந்தால் கூலியும் தானே உயரும் என்று நம்புவதற்கு இடமில்லை. சிறு விவசாயிகள் பலர் பிறர் நிலத்தில் கூலிக்கும் போகிறார்கள் என்பது உண்மையே. அதனாலேயே எந்த நிலையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொதுவான தொழிலாளர் சட்டம் வயலுக்கும் பொருந்தும் என்று எண்ணிப் பிரசுரம் அச்சிடுவது அடுத்த தவறு. அமெரிக்காவில் 1938இல் வந்த நியாயமான தொழில் தரச் சட்டம் விவசாயத் தொழிலாளர்களைக் குறைந்தபட்சக் கூலியிலிருந்து விலக்கியே வைத்திருந்தது. 1966ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு அது கிடைத்தது. மிகைநேர ஊதியத்துக்கான விலக்கு அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றும் நீடிக்கிறது.

நான் மிகவும் வருந்துவது, ‘கையுறை அணியுங்கள்’, ‘அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்’ என்று தொழிலாளருக்கு அறிவுரை கூறும் சுவரொட்டிகளைப் பார்க்கும்போதுதான். பறித்த எடைக்கேற்பக் கூலி வாங்குகிறவருக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் ஒவ்வொரு நிமிடமும் கூலி இழப்பு. பூச்சிமருந்து அடித்த வயலுக்குள் எப்போது மீண்டும் இறங்குவது என்பதையும் பெரும்பாலும் அவர் முடிவு செய்வதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 184ஆம் உடன்படிக்கை (2001) வேளாண்மைப் பணியில் பாதுகாப்புக்கான கடமையை வேலை கொடுப்பவர் மீது வைக்கிறது. உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்தால் வேலையிலிருந்து விலகும் உரிமையையும், அதற்காகப் பாதிப்புக்கு உள்ளாகாமல் இருக்கும் உரிமையையும் தொழிலாளருக்கு அளிக்கிறது. சுவரொட்டியில் எழுத வேண்டியது இதைத்தான், அது ஒட்டப்படும் நாடு உடன்படிக்கையை ஏற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

முகமும் ஊரும் தெரியும்படி படம் வெளியிடுவதும் ஆபத்தானது. முதலாளி கொடுத்த குடியிருப்பில் தங்கியிருப்பவர் வேலையோடு வீட்டையும் ஒரே நாளில் இழக்கக்கூடும். தலையசைத்தார் என்பது சம்மதமாகாது; படம் எங்கே, யார் கண்ணில் படும் என்பதை அவருடைய மொழியில் விளக்கி, யோசிக்க அவகாசம் தந்த பிறகே கேட்க வேண்டும்.

தொழிலாளரைக் கேட்காமலே அவருக்காகப் பேசுவதும் அடிக்கடி நேர்கிறது. இதற்கு மாறாக, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தக்காளித் தோட்டங்களில் இம்மோகலி தொழிலாளர் கூட்டமைப்பு நடத்தும் திட்டத்தில், உரிமைகளைக் கற்பிப்பவர்களும் தொழிலாளர்களே. அந்த வகுப்புகள் தோட்டத்திலேயே, கூலி கணக்கிடப்படும் நேரத்திலேயே நடக்கின்றன.