ஒரு தடவை வருது, ஒரு தடவை வரலை: வெர்ச்சுவல்பாக்ஸ் கிளஸ்டரில் நெட்வொர்க் கோளாறைப் பிடிப்பது எப்படி?

லேப்டாப்பில் வெர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, உபுண்டு விஎம் (மெய்நிகர் கணினி) மூன்றை எழுப்பி, கியூப்அட்மின் என்ற நிறுவல் கருவி வழியாக, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் கட்டியாயிற்று. பாடுகள் (செயலி ஓடும் கன்டெய்னர் தொகுப்புகள்) பேசிக்கொள்ளும் நெட்வொர்க்குக்கு ஃபிளானல். நோடுகள், அதாவது கிளஸ்டரில் சேர்ந்த விஎம்கள், எல்லாமே ‘ரெடி’ என்கின்றன. ஆனால் பாடுகளுக்குப் பொது முகவரியாக நிற்கும் சர்வீஸைக் கூப்பிட்டால் ஒரு தடவை பதில் வருகிறது, அடுத்த தடவை டைம்அவுட். உடனே ரீஸ்டார்ட் செய்யத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள், தடயம் கலைந்துவிடும்.

படி 1: எது வருகிறது, எது வரவில்லை?

கிளஸ்டரை இயக்கும் கியூப்சிடிஎல் கட்டளையில் பாடுகளின் பட்டியலை ‘வைட்’ வடிவில் எடுங்கள். ஒவ்வொரு பாடின் ஐபியும், அது ஓடும் நோடும் தெரியும். இப்போது ஒரு விஎம்முக்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போய், சர்வீஸை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாட் ஐபியையும் கர்ல் கட்டளையால் நேரடியாகக் கூப்பிடுங்கள்.

அதே நோடில் இருக்கும் பாட் எப்போதும் பதில் சொல்கிறது, வேறு நோடில் இருப்பது ஒருபோதும் சொல்வதில்லை என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கோளாறு விட்டுவிட்டு வரவில்லை. நோடுகளுக்கு இடையிலான பாதை முழுசாகவே அடைபட்டிருக்கிறது. சர்வீஸ் கோரிக்கைகளை எல்லாப் பாடுகளுக்கும் பிரித்து அனுப்புவதால்தான் நமக்கு அப்படித் தெரிகிறது.

படி 2: நோடுகளின் ஐபியைப் பாருங்கள்

நோடு பட்டியலையும் ‘வைட்’ வடிவில் எடுங்கள். ‘இன்டர்னல்-ஐபி’ பத்தியில் மூன்றுக்கும் 10.0.2.15 என்று இருக்கிறதா? ஆள் அகப்பட்டுவிட்டார்.

வெர்ச்சுவல்பாக்ஸின் நேட் முறையில் ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனி குட்டி நெட்வொர்க். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி கிடைக்கும், ஒன்றை ஒன்று பார்க்கவும் முடியாது. இன்டர்நெட்டுக்கான டிஃபால்ட் ரூட் இந்த நேட் நெட்வொர்க் கார்டு வழியே போவதால், கியூப்லெட்டும் (ஒவ்வொரு நோடிலும் பாடுகளை ஓட்டும் நிரல்) ஃபிளானலும் அதையே பிடித்துக்கொள்கின்றன. வேறு நோடிலுள்ள பாடின் லாக் வராமல் அடம்பிடிப்பதற்கும் இதுவே காரணம்.

படி 3: சரியான கார்டைக் காட்டுங்கள்

விஎம்கள் பேசிக்கொள்ள வேண்டியது, அவற்றையும் லேப்டாப்பையும் மட்டும் இணைக்கும் ஹோஸ்ட்-ஒன்லி கார்டில். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.56 என்று தொடங்கும். உபுண்டுவில் அந்தக் கார்டின் பெயர் வழக்கமாக இஎன்பி0எஸ்8. ‘ஐபி அட்ரஸ்’ கட்டளையில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு விஎம்மிலும் கியூப்லெட்டின் கூடுதல் ஆர்க்யுமென்ட்களில் ‘நோட்-ஐபி’ என்று அந்தந்த விஎம்மின் ஹோஸ்ட்-ஒன்லி முகவரியைக் கொடுத்து, கியூப்லெட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் ஃபிளானலின் டீமன்செட்டை (ஒவ்வொரு நோடிலும் அதன் பாடை ஓட்டும் அமைப்பு) திருத்தி, ‘ஐஃபேஸ்’ ஆர்க்யுமென்ட்டில் கார்டின் பெயரைச் சேருங்கள். ஃபிளானல் பாடுகள் தானாகப் புதிதாக எழும். ஃபயர்வால் போட்டிருந்தால் நோடுகளுக்கு இடையே பாடுகளின் போக்குவரத்தைச் சுமக்கும் ஃபிளானலின் விஎக்ஸ்லேனுக்கு யுடிபி போர்ட் 8472 திறந்திருக்க வேண்டும். இனி படி 1-ஐத் திரும்பச் செய்தால் எல்லாப் பாடும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் சரியாகவில்லையா?

விஎம்களைக் குளோன் செய்து உருவாக்கினீர்களா? மேக் முகவரியை மாற்றியிருந்தாலும் மெஷின்-ஐடி (உபுண்டு ஒவ்வொரு கணினிக்கும் வைக்கும் அடையாளக் குறி) ஒன்றாகவே இருந்தால், ஐபியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி இரண்டு விஎம்களுக்கு ஒரே ஐபியைக் கொடுத்துவிடலாம். இது உண்மையிலேயே விட்டுவிட்டு வரும் கோளாறு, தலைவலியும் அதிகம். நோடுகளுக்கு நிலையான ஐபி கொடுத்துவிடுங்கள், மெஷின்-ஐடியையும் புதிதாக்குங்கள்.

லேப்டாப்பை மூடித் திறந்த பிறகுதான் தகராறு என்றால், மூன்று விஎம்மிலும் ‘டேட்’ கட்டளை அடித்து நேரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.