பிரவுசர் எஃப்டிபியைக் கைவிட்ட பிறகு நாம் செய்யும் தவறுகள்

பெங்களூரு சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் அடிக்கும் அச்சகம் ஒன்றின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். உரிமையாளர் திருப்பத்தூர்க்காரர். 2021 பிப்ரவரியில் ஒரு நாள் காலையிலேயே போன் செய்தார். "தம்பி, சிவகாசி சர்வர் செத்துப்போச்சு. போன வாரம் வரைக்கும் க்ரோம்ல நல்லாத்தான் திறந்துச்சு. இப்ப லிங்க்கைத் தட்டினா ஒண்ணும் வரல." காலண்டர் டிசைன்களை சிவகாசியில் ஒரு எஃப்டிபி சர்வரில் (கணினியிலிருந்து கணினிக்கு ஃபைல் மாற்றும் பழைய முறை இந்த எஃப்டிபி) போட்டு வைப்பார்கள், இங்கே லிங்க்கைத் தட்டி இறக்கிக்கொள்வார்கள். வருஷக்கணக்காக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. க்ரோம்தான் தன் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டது. 2021 ஜனவரியில் வந்த க்ரோம் 88 எஃப்டிபியை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 95-ஆம் பதிப்பில் அதற்கான நிரலையே எடுத்துவிட்டார்கள். ஃபயர்பாக்ஸும் ஏப்ரலில் 88-ஆம் பதிப்பில் நிறுத்தி, ஜூலையில் 90-ஆம் பதிப்பில் முழுவதுமாக நீக்கியது. மைக்ரோசாஃப்டின் எட்ஜும் க்ரோமும் ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை என்பதால் அதுவும் அதே வழியில் போனது.

இதைப் புரிந்துகொள்ளாமல் அவசரப்படுவதுதான் முதல் தவறு. சர்வர் போய்விட்டது என்று நினைத்து, வாடிக்கையாளர் ஃபைல்களை யார் யாருடைய சொந்த மெயிலுக்கோ வாட்ஸப்புக்கோ அனுப்பச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் எந்த டிசைன் கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியாது. ஃபைல்ஜில்லா, வின்எஸ்சிபி, சைபர்டக் போல ஃபைல் மாற்றுவதற்கென்றே உள்ள ஒரு மென்பொருளில் அதே முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். திறந்தால் சர்வர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அதைவிட ஆபத்தானது இரண்டாவது தவறு. அந்த அச்சகத்தில் டிசைன் பார்க்கும் பையன் கெட்டிக்காரன். நான் போவதற்குள் எங்கிருந்தோ பழைய க்ரோமைத் தேடிப் போட்டு, தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி அப்டேட்டையும் நிறுத்தியிருந்தான். சிவகாசி லிங்க் திறந்தது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அதே பிரவுசரில்தான் உரிமையாளர் பேங்க் கணக்கு பார்க்கிறார், ஜிஎஸ்டி கட்டுகிறார். பிரவுசருக்கு வரும் ஒவ்வொரு அப்டேட்டிலும் யாராவது கண்டுபிடித்த ஓட்டைகளுக்கு அடைப்பு இருக்கும். அந்த ஓட்டைகளின் விவரம் பிறகு வெளிப்படையாகவே வந்துவிடும். புதுப்பிக்காத பிரவுசர் என்றால், எந்த ஜன்னலில் கம்பி இல்லை என்று ஊருக்கே தெரிந்த வீடு. ஒரு லிங்க் திறக்கவேண்டும் என்பதற்காக அந்த வீட்டில் பணப்பெட்டியை வைக்கக் கூடாது. அன்றைக்கே அதை நீக்கி, அப்டேட்டைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் வேறு வேலை பார்த்தேன்.

பிரவுசர்கள் இதை ஏன் கைவிட்டன என்று தெரிந்தால் மூன்றாவது தவறு புரியும். எஃப்டிபி வயதில் மூத்தது. இணையப் பக்கம் என்ற ஒன்று வருவதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் முன்பே, 1971 ஏப்ரலில், அபய் பூஷண் அதன் முதல் வரைவை எழுதினார். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து, எம்ஐடிக்குப் போனவர். அப்போது இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையில் இருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட வேண்டிய தேவை இல்லாத காலம். அதனால் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எந்த மறைப்பும் இல்லாமல், எழுதியது எழுதியபடியே கம்பியில் போகும். வழியில் நின்று பார்ப்பவர் யாராக இருந்தாலும் படித்துவிடலாம். ஃபைலும் அப்படியே. எஃப்டிபிக்கு மேல் மறையாக்கம் சேர்க்கும் வழி பின்னாளில் வந்தும், க்ரோமுக்குள் இருந்த எஃப்டிபி அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை. பயன்படுத்துவோரும் குறைந்துவிட்டதால், அதைச் சீர்செய்வதைவிட எடுத்துவிடுவதே மேல் என்று முடிவெடுத்தார்கள். என்னைக் கேட்டால் அது சரியான முடிவுதான்.

ஆக, புதிய மென்பொருளைப் போட்டுவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பதுதான் மூன்றாவது தவறு. மென்பொருள் எவ்வளவு புதிதாக இருந்தாலும், உள்ளே பழைய எஃப்டிபியைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்வேர்டு பழையபடி திறந்த தபால் அட்டையில்தான் போகிறது. இங்கே இரண்டு பெயர்கள் எல்லோரையும் குழப்புகின்றன. எஃப்டிபிஎஸ் என்பது அதே பழைய எஃப்டிபி, ஆனால் டிஎல்எஸ் என்ற உறைக்குள். பேங்க் இணையதளங்கள் பயன்படுத்துவதும் அந்த உறையைத்தான். எஸ்எஃப்டிபி என்பது பெயரில்தான் எஃப்டிபி. உண்மையில் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழியாக, ஓடும் தனி நெறிமுறை, 22-ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாசல்) பேசும். எஃப்டிபிஎஸ் வழக்கமாக 21-இல் தொடங்கும், சில சர்வர்களில் 990-இல். இரண்டுமே நல்லவை, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் இணைப்பே கிடைக்காது. "பாஸ்வேர்டு தப்பா இருக்கோ" என்று அரை நாள் போகும். சர்வர் வைத்திருப்பவரிடம் எது, எந்த போர்ட் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஃபைல்ஜில்லாவில் இன்னொரு நுணுக்கம். இணைப்பு அமைப்பில் 'கிடைத்தால் டிஎல்எஸ்' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். கிடைக்காவிட்டால் மறைப்பில்லாமல் போகவும் அது இடம் கொடுக்கும். 'ரிக்கொயர்' (கட்டாயம்) என்று தொடங்கும் தேர்வை வையுங்கள். அப்போது டிஎல்எஸ் இல்லையென்றால் இணைப்பு நின்றுவிடும். நிற்பதே நல்லது.

முதல் முறை இணையும்போது சர்வரின் சான்றிதழையோ கைரேகை போன்ற நீண்ட எழுத்து வரிசையையோ காட்டி, சம்மதமா என்று கேட்கும். நாம் படிக்காமலே ஓகே தட்டுகிறோம். அந்த வரிசையை சர்வர்காரரிடம் போனில் வாசித்து ஒருமுறை சரிபார்க்க ஒரு நிமிஷம் ஆகும். வேறு யாரோ நடுவில் உட்கார்ந்து அந்த சர்வராக நடித்தால், அதைப் பிடிக்க நமக்கு இருக்கும் வாய்ப்பு அதுதான். பின்னொரு நாள் அந்த வரிசை மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் விசாரிக்காமல் தொடராதீர்கள்.

பாதுகாப்பான வழிக்கு மாறிவிட்டு, பழைய பாஸ்வேர்டையே வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். அந்த பாஸ்வேர்டு இத்தனை வருஷம் திறந்தபடி ஊர் சுற்றியிருக்கிறது. எங்கே யார் கண்ணில் பட்டது என்று சொல்லவே முடியாது. மாறிய அன்றே அதை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை மெயிலுக்கும் வைத்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். சர்வரில் பழைய எஃப்டிபியை அணைக்கவும் சொல்லுங்கள். புதுப் பூட்டு போட்டுவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைப்பதில் பயன் இல்லை.

மென்பொருளை எங்கிருந்து இறக்குகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். உள்நுழைவு விவரங்களைத் திருடும் போலி ஃபைல்ஜில்லா 2014-இல் உலவியது. பார்க்க அசல் போலவே இருக்கும், வேலையும் செய்யும். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தட்டாமல், மென்பொருளின் சொந்தத் தளத்துக்கே போங்கள். எதையும் நிறுவ அனுமதி இல்லாத அலுவலகக் கணினி என்றாலும் கவலை வேண்டாம். விண்டோஸ் 10-இல் 2018 முதல் எஸ்எஃப்டிபி கட்டளை கூடவே வருகிறது.

சில சிக்கல்கள் பாதுகாப்பு சார்ந்தவை அல்ல, ஆனால் நேரத்தைத் தின்பவை. உள்ளே நுழைந்துவிடுகிறோம், ஃபைல் பட்டியல் மட்டும் வராமல் தொங்குகிறது. எஃப்டிபி பேசுவதற்கு ஒரு இணைப்பு, ஃபைலுக்கு வேறொரு இணைப்பு என்று இரண்டைப் பயன்படுத்தும். இரண்டாவதை ஃபயர்வால் தடுத்திருக்கும். இரண்டாவது இணைப்பையும் நம் பக்கத்திலிருந்தே தொடங்கும் பாசிவ் முறைக்கு மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் சர்வர் பக்கம் போர்ட் திறக்க வேண்டும். இறக்கிய பிடிஎஃப் திறக்கவில்லை என்றால், வெறும் எழுத்து ஃபைல்களுக்கான ஆஸ்கி முறையில் இறங்கிக் கெட்டிருக்கலாம். ஃபைலை உள்ளது உள்ளபடியே கொண்டுவரும் பைனரிக்கு மாற்றி மறுபடி இறக்குங்கள். தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் பழைய சர்வர்களில் கேள்விக்குறிகளாகத் தெரியும். தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. எளிய ஆங்கிலப் பெயரில் ஒரு ஜிப்பாகக் கட்டி அனுப்புங்கள், உள்ளே தமிழ் இருக்கட்டும்.

இணையதளம் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. பக்கங்களில் உள்ள எஃப்டிபி லிங்க்குகளின் முன்பகுதியை மட்டும் எச்டிடிபிஎஸ் என்று ஒரே மூச்சில் மாற்றிவிடுகிறார்கள். அந்த சர்வரில் இணைய சேவையும் ஓடினால்தான் அது வேலை செய்யும். கட்டற்ற மென்பொருள் உருவாக்கும் குனு திட்டத்தின் சேமிப்பகத்திலும், உயிரியல் மாணவர்கள் மரபணுத் தரவு எடுக்கும் அமெரிக்காவின் என்சிபிஐயிலும் ஓடுகிறது; அங்கே முன்பகுதியை மாற்றினாலே போதும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 2017 நவம்பர் 1 அன்றே தன் பொது எஃப்டிபி சேவையை மூடி இணைய வழிக்குப் போய்விட்டது. உங்கள் சர்வரில் எப்படி என்று ஒவ்வொரு லிங்க்கையும் தட்டிப் பார்த்தே மாற்றவேண்டும்.

கடைசியாக ஸ்கேனர்கள். ஜெராக்ஸ் கடைகளில் உள்ள பெரிய மெஷின்கள் பல, ஸ்கேன் செய்ததை எஃப்டிபி வழியாகக் கணினிக்கு அனுப்பும். பிரவுசர் மாறியதால் அவை நிற்கவில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் "எஃப்டிபி வேலை செய்யவில்லை" என்று கேள்விப்பட்ட யாரோ ரவுட்டரில் 21-ஆம் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்து வைத்ததை அல்சூரில் ஒரு கடையில் பார்த்தேன். அந்தக் கணினியின் ஃபோல்டர் முழுக்க ஆதார் நகல்கள். ரவுட்டரில் அதை மூடி, ஸ்கேனர் கடைக்குள்ளே மட்டும் பேசும்படி வைத்து, அன்றன்றைய நகல்களை இரவு அழிக்கும்படி அமைத்துக் கொடுத்தேன். சுல்தான்பேட்டைக்காரர் இப்போது சிவகாசியிலிருந்து எஸ்எஃப்டிபியில்தான் டிசைன் வாங்குகிறார். போர்ட் எண்ணையும் அந்த நீண்ட எழுத்து வரிசையையும் பேப்பரில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். பாஸ்வேர்டு மட்டும் அதில் இல்லை.