புல்லட்டின் முழக்கத்தை விடாமல் இரைச்சலைக் குறைத்த என் அனுபவம்

நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 346 சிசி புல்லட்டில், உள்ளே தடுப்பே இல்லாத வெளிக்கடை சைலன்சர் இருந்தது. எனக்கு அந்த 'டுப் டுப்' ரொம்பப் பிடிக்கும். ஆனால் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, எதிர்வீட்டுத் தாத்தா இதய நோயாளி.

முதலில் பென்ட் பைப் (புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) இன்ஜினோடு சேரும் இடத்தில், கசிவைத் தடுக்கும் வளையமான கேஸ்கெட்டை மாற்றினேன். அங்கே கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் பட்டாசு மாதிரி வெடிக்கும். அது நின்றது. அப்புறம் சைலன்சரைப் பிரித்து, எரிந்து தீர்ந்த கிளாஸ் வூலை, அதாவது சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடி இழைப் பஞ்சை, மாற்றி (கையுறை கட்டாயம், இல்லையென்றால் அரிப்பு தாங்காது), முனையில் டிபி கில்லர் (சத்தத்தைக் குறைக்கச் செருகும் சிறு குழாய்) போட்டேன். காதைக் கிழிக்கும் கூர்மை போய்விட்டது. ஆனாலும் விடிகாலைத் தெருவுக்கு அது அதிகம்தான்.

சரி என்று கம்பெனி சைலன்சரையே வாங்கி மாட்டினேன். அந்த முழக்கத்துக்குக் காரணம் 70 மிமீ போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட ஒற்றை சிலிண்டர்தான். ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, சரியாக வைத்தால் அழகாகக் கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி இரைச்சலுக்காக 10,000 ரூபாய் வரை அபராதம் வருமோ என்ற கவலையும் இப்போது இல்லை.